பழைய சத்தம்

எழுபத்திரண்டு மணி நேரம் என்று காட்டியது காரின் திரை. ஞாயிற்றுக்கிழமை காலை, குமாரபாளையத்து வீட்டு வாசலில், வண்டியைக் கிளப்பியதும் அந்த அறிவிப்பு வந்து நின்றது. முன்பும் அது வந்திருக்கிறது. அப்போதெல்லாம் கீழே 'பிறகு' என்று ஒரு பொத்தான் இருந்தது. கந்தவேல் அதைத் தொட்டுத் தள்ளிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். இந்த முறை அந்தப் பொத்தான் இல்லை. 'இப்போதே' என்ற ஒன்று மட்டும் இருந்தது. அதைத் தொடாவிட்டாலும், கெடு முடிந்ததும் புதிய மென்பொருள் தானாகவே ஏறிக்கொள்ளும்.

"என்ன சாமி போட்டிருக்குது?" என்று மகளைக் கேட்டார் கந்தவேல்.

நர்மதா பக்கத்துச் சீட்டிலிருந்து குனிந்து படித்தாள். ஓட்டுநர் உதவி எச்சரிக்கைகள் மேம்படுத்தப்படுகின்றன. இருட்டில் வரும் இருசக்கர வாகனங்களைக் கார் இனி முன்கூட்டியே கண்டுகொள்ளும். தேவையில்லாத எச்சரிக்கைகள் குறையும். வாடிக்கையாளர்கள் பலரும் கேட்டுக்கொண்டதால் எச்சரிக்கைச் சத்தம் மென்மையான மணியோசையாக மாறும். பழைய சத்தத்துக்குத் திரும்ப முடியாது.

கடைசி வரியை அவள் மறுபடியும் படித்தாள். பிறகு அப்பாவின் முகத்துக்கு நேராகத் திரும்பி, "அப்டேட்டுங்கப்பா" என்றாள்.

"வந்தா வந்துட்டுப் போகுது" என்றார் அவர்.

பழைய சத்தத்தை இனிமையானது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முன்னால் போகும் வண்டியை நெருங்கினாலோ, சாலையின் வெள்ளைக் கோட்டைத் தாண்டினாலோ, காலிப் பீப்பாயைக் கட்டையால் தட்டுவது போலத் தடதடவென்று அடிக்கும். கார் வந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. நர்மதாவுக்கு அது இன்னும் பழகவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே பதறுகிறவள் அவள். சத்தம் வரும்போதெல்லாம் தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறிவிடும். பின் சீட்டிலிருந்து அம்மா உஷாராணி சிரிப்பாள். "கல்யாணத்தன்னைக்குக் கெட்டிமேளம் கொட்டுனா இவ மணையை விட்டு எந்திரிச்சு ஓடிருவா, பாருங்க."

அப்படி அவளைத் தூக்கிப்போடும் சத்தம் போகப் போகிறதென்றால் அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அவள் அந்த எழுபத்திரண்டு மணி நேரத்தை எண்ணத் தொடங்கினாள்.

கந்தவேலுக்குக் காது மந்தம். வீட்டில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லத் தேவையும் இருந்ததில்லை. குமாரபாளையத்தில் பாதிப்பேர் கத்தித்தான் பேசுவார்கள், மீதிப்பேர் 'ஆங்?' என்று கேட்பார்கள். அவர்களுடைய தறிப்பட்டறையில் விசைத்தறிகள் எல்லாம் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் அலறினாலும் கேட்காது. அங்கே பேச்சு முழுவதும் கையிலும் கண்ணிலும்தான். இரண்டு விரலைக் கத்தரி போல ஆட்டினால் இழை அறுந்துவிட்டது. கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்தால் டீ வந்துவிட்டது. பட்டறையின் அந்தக் கோடியில் ஒருவன் முகம் சுளித்தால் எந்தத் தறியில் என்ன கோளாறு என்று கந்தவேல் இந்தக் கோடியிலிருந்தே சொல்லிவிடுவார். மீசை முளைக்கும் முன்பே பட்டறைக்குள் போனவர். வெளியே வந்த பிறகும் எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்தே பேசிப் பழகியவர். அதனால் அவருக்கு எவ்வளவு கேட்கிறது, எவ்வளவு கேட்கவில்லை என்று யாரும் அளந்து பார்த்ததில்லை.

நர்மதா அளந்து பார்த்தாள். திருச்செங்கோட்டில் இயற்பியல் படித்தவள். போன மாசியில், சங்ககிரியைத் தாண்டிப் போகும்போது பின்னால் ஒரு ஆம்புலன்ஸ் வெகுநேரமாக அலறிக்கொண்டு வந்தது. அவள் தொட்டுச் சொல்லும் வரைக்கும் அப்பா ஒதுங்கவே இல்லை. திரும்பும் வழியில், பொழுது சாய்ந்த நேரம், பின்விளக்கு இல்லாமல் சாலையோரம் நின்ற போர்வெல் லாரியின் மேல் கார் நேராகப் போனது. தடதடவென்று சத்தம் வந்தது. அப்பா பிரேக்கை மிதித்தார். லாரியின் பின்புறத்துக்கும் காரின் மூக்குக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கலாம், அவ்வளவுதான் இடம்.

ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கந்தவேல், "ஊட்டுல சொல்ல வேண்டாம் சாமி" என்றார்.

"சொல்லலைங்கப்பா."

மறுநாள் கட்டில் சட்டத்தின் மேல் போனை வைத்து, ஒவ்வொரு சுருதியாகச் சத்தம் எழுப்பும் செயலியை ஓடவிட்டாள். கந்தவேல் சட்டத்தில் கை ஊன்றி உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டமே அதிரும் கட்டைச் சத்தங்களுக்கு, "கேக்குது" என்றார். சத்தம் மெலிந்து மேலே ஏற ஏற, இல்லை என்று தலையாட்டினார். தறிச் சத்தத்தில் முதலில் போவது கீச்சுச் சத்தங்களைக் கேட்கும் திறன்தான் என்று அவள் படித்திருந்தாள். ஆம்புலன்ஸ் கேட்கவில்லை, தடதட சத்தம் கேட்டது. கணக்கு சரியாக வந்தது. அன்றிலிருந்து அந்த அசிங்கமான சத்தத்தை அவள் காவல் தெய்வம் மாதிரி நினைக்கத் தொடங்கினாள்.

இப்போது அது போகப் போகிறது. அவளும்தான். ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. வியாழக்கிழமை கிளம்ப வேண்டும். அதற்குப் பிறகு சேலத்துக்கும் ஈரோட்டுக்கும் துண்டு, போர்வை மாதிரிகளை எடுத்துக்கொண்டு அப்பா தனியாகத்தான் ஓட்டிப் போவார். கூட அந்தச் சத்தமாவது இருக்குமே என்று அவள் தைரியமாக இருந்தாள்.

மத்தியானம் பெங்களூருவில் இருக்கும் அண்ணன் கௌதமனுக்குப் போன் செய்தாள். கார் அவன் வாங்கிக் கொடுத்தது. கணக்கும் அவன் பெயரில்தான்.

"அண்ணா, அந்த அப்டேட்டு வேண்டாம்னு போட முடியுமா?"

"ஏன், என்னாச்சு?"

"சத்தம் மாறுதாம்."

"அப்பாடா!" என்றான் கௌதமன். "போன தீவாளிக்கு வந்தப்ப பவானிப் பாலம் தாண்டறதுக்குள்ள எனக்குத் தலைவலி வந்துருச்சு. கார் வாங்கிக் குடுத்தனா, தகரக் கடை வெச்சுக் குடுத்தனான்னே தெரியல."

"பழசே இருக்கட்டும்ணா."

"நீதான புள்ள ஒவ்வொரு தடவையும் தவளையாட்டம் குதிப்ப? மொதல்ல நீதான் தேங்காய் உடைக்கோணும்."

"அப்பாவுக்குப் புதுசு பழகாது."

"பழகிரும். லைட்டுப் போடாம வர்ற டூவீலரைக் கண்டுபிடிக்குமாம். நம்ம ரோட்டுல அது எத்தனை பெரிய விஷயம்? அதைப் போயி வேண்டாம்ங்கற. பிசிக்ஸ் படிச்சவ பேசற பேச்சா இது?"

அவன் சொல்வது உண்மைதான். காருக்குக் கண் கூர்மையாகிறது. ஆனால் கண்டதைச் சொல்லும் குரல் அப்பாவுக்கு எட்டாமல் போகிறது. இதைச் சொல்லிவிட்டால் போதும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் கௌதமன் அன்றைக்கே டிரைவர் ஒருவரைப் பேசிவிடுவான். போன வருஷம், 'அப்பாவுக்கு வயசாகுது, தூரமா ஓட்ட வேண்டாம்' என்று அவன் ஏதோ பேச்சுவாக்கில் சொன்னதற்கே கந்தவேல் பொங்கல் வரைக்கும் அவனோடு பேசவில்லை. அதோடு, ஊட்டுல சொல்ல வேண்டாம் சாமி என்று கேட்டிருக்கிறார். சரி என்று அவளும் சொல்லியிருக்கிறாள்.

"இரு, புதுச் சத்தத்தை ஒருத்தன் வீடியோவா போட்டிருக்கான். கேளு" என்றான் கௌதமன்.

டிங். டிங். அடுத்த வீட்டில் யாரோ டம்ளரில் கரண்டியைத் தட்டியது போல இருந்தது. அந்தச் சுருதி அவளுக்குத் தெரியும். அப்பா தலையாட்டிய இடத்துக்கு மேலே, வெகு மேலே இருந்தது அது.

"நல்லாருக்குதில்ல?"

"ம்" என்றாள் நர்மதா.

திங்கட்கிழமை சேலத்தில் கடைகளுக்கு மாதிரி காட்டும் வேலை இருந்தது. அப்படியே சர்வீஸ் சென்டரிலும் ஒரு வேலை என்று அவளே சொல்லி வைத்தாள். கந்தவேல் வழக்கம் போல அவளை முன் சீட்டில் உட்காரச் சொன்னார். சேலம், ஈரோடு என்றால் அவளில்லாமல் கிளம்ப மாட்டார். "பில்லு, ஜிஎஸ்டி எல்லாம் புள்ளதான பாக்கோணும்" என்பார். அவளுக்குப் பரீட்சை இருந்த நாட்களில் காரை விட்டுவிட்டு பஸ்ஸில் போனார்.

வழியில் அவள் போனை எடுத்தாள். சர்வீஸ் சென்டரில் என்ன கேட்பது என்று எழுதி வைத்துக்கொள்ள நினைத்தாள்.

"போனை உள்ள வெய்யி சாமி. ரோட்டைப் பாரு" என்றார் கந்தவேல்.

எப்போதும் இதைச் சொல்வார். காரில் அவள் கண் அயர்ந்தாலும் பிடிக்காது. அவள் போனை வைத்துவிட்டுச் சாலையைப் பார்த்தாள். சங்ககிரிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மினி லாரி திடீரென்று குறுக்கே நுழைந்தது. தடதடவென்று அடித்தது. அவளுக்குத் தூக்கிப்போட்டது. அப்பா அலட்டிக்கொள்ளாமல் வேகத்தைக் குறைத்தார். நர்மதா மூச்சு விட்டாள்.

சர்வீஸ் சென்டரில் ஆனந்தகுமார் என்பவர் டேப்லெட்டும் கையுமாக வந்தார். கந்தவேல் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் காகிதக் கோப்பையில் காபியோடு உட்கார்ந்திருந்தார். அறிமுகமில்லாதவரிடம் பேசுவது நர்மதாவுக்கு எப்போதுமே கஷ்டம். துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள்.

"இந்த அப்டேட்டை நிறுத்தி வைக்க முடியுங்களா?"

"எங்க கையில ஒண்ணுமே இல்லீங்க மேடம். மேல இருந்து நேரா வண்டிக்கே வருது. நாங்களே காலையில வந்து பாத்துத்தான் தெரிஞ்சுக்கறோம்."

"சத்தத்தை மட்டும் பழசு மாதிரி..."

"அளவைக் கூட்டிக்கலாங்க. சத்தத்தை மாத்த முடியாது. பழசுக்கு ஏகப்பட்ட கம்ப்ளைன்ட். ஒரு அம்மா அது அடிச்சதுல பயந்து போயி வண்டியைப் பள்ளத்துல உட்டுட்டாங்க. அதனாலதான் மாத்துனதே."

"ரெண்டையும் வெச்சு, வேணுங்கறதை எடுத்துக்கற மாதிரி குடுக்கலாமில்லீங்க?"

"அருமையான யோசனைங்க. கம்பெனிக்கு எழுதிப் போடுங்க."

"போட்டுட்டேனுங்க."

"என்ன சொன்னாங்க?"

"எங்களோடு இணைந்திருப்பதற்கு நன்றின்னு வந்துச்சு."

ஆனந்தகுமார் சிரித்தார். "எனக்கும் சம்பள உயர்வு கேட்டா அதுதான் வருது." பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பைக் குறைத்துக்கொண்டார். "எதுக்குங்க மேடம் இத்தனை தூரம் கேக்கறீங்க? ஊட்டுல ஓட்டறவங்க யாருக்காச்சும் காது கேக்காதுங்களா?"

இதைவிட நல்ல வாய்ப்பு அவளுக்கு வராது. ஆமாம் என்றால் அவர் வேறு வழி ஏதாவது தேடியிருக்கலாம். மேலே யாரிடமாவது பேசியிருக்கலாம். நர்மதா கண்ணாடியைப் பார்த்தாள். அந்தப் பக்கத்திலிருந்து கந்தவேல் அவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். கோப்பை வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

"இல்லீங்க" என்றாள். "பழசு பழகிருச்சு, அதான்."

கந்தவேல் காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து காருக்குப் போனார்.

செவ்வாய்க்கிழமை, அப்பாவிடமே சொல்லிவிடலாம் என்று பட்டறைக்குப் போனாள். தறிகள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. தரை அதிர்ந்தது. கந்தவேல் ஏழாவது தறியருகே நின்றபடி, புருவத்தை மட்டும் உயர்த்தி என்ன என்று கேட்டார். புதுச் சத்தம் உங்களுக்குக் கேட்காது என்று சொல்வதற்குப் பட்டறையில் சைகை எதுவும் இல்லை. நர்மதா கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்துக் காட்டினாள். அவர் சிரித்துக்கொண்டே டீ குடிக்க வந்தார்.

புதன்கிழமை காலை கெடு முடிந்தபோது அவள் வாசலில் காரின் அருகே நின்றுகொண்டிருந்தாள். செய்வதற்கு ஒன்றுமில்லை, இருந்தாலும் உள்ளே இருக்க முடியவில்லை. யாரும் தொடாமலேயே திரை விழித்துக்கொண்டது. ஒரு நீலக்கோடு இடமிருந்து வலமாக நகரத் தொடங்கியது. வாசல் தெளிக்க வாளியோடு வந்த உஷாராணி நின்று பார்த்தாள்.

"ஏன்டி, கார் என்ன பிரசவ வார்டுலயா இருக்குது? இப்படிக் கையைப் பிசைஞ்சுட்டு நிக்கற?"

"அப்டேட் ஏறுதும்மா."

"ஏறட்டும். உன்ற பெட்டியில துணி ஒண்ணும் ஏறுன மாதிரித் தெரியல. அதைப் போயி அடுக்கு."

நீலக்கோடு வலது ஓரத்தைத் தொட்டது. நன்றி என்று காட்டிவிட்டுத் திரை அணைந்தது.

வியாழக்கிழமை சேலம் பேருந்து நிலையத்தில் கொண்டுபோய் விடுகிறேன் என்று கந்தவேல் காரை எடுத்தார். பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறேன் என்று நர்மதா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "மொதல் மொதலா வேலைக்குப் போற புள்ளையை பஸ்ஸுல அனுப்பறதா?" என்று அம்மா சத்தம் போட்டாள். அழுகையை மறைக்கத்தான் அந்தச் சத்தம் என்று தெரிந்ததால் அதற்கு மேல் பேச முடியவில்லை. உஷாராணி எலுமிச்சம்பழத்தை டயருக்கு அடியில் வைத்து, கார் அதன் மேல் ஏறிப் போவதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனாள்.

சத்தத்தின் அளவை நர்மதா முந்தின நாளே கடைசி வரைக்கும் கூட்டி வைத்திருந்தாள். இன்று ஒரு முறை அப்பாவுக்குக் கேட்டுவிட்டால் போதும் என்று வேண்டிக்கொண்டாள். நெடுஞ்சாலை ஏறும் வரைக்கும் காரில் சத்தமே வரவில்லை. தேவையில்லாத எச்சரிக்கைகள் குறையும் என்றுதானே போட்டிருந்தது. வெயில் இதமாக இருந்தது. சங்ககிரி மலை தெரிந்தது. ஓசூரில் அறை எப்படி இருக்கும், கூடத் தங்கப் போகிறவள் எப்படிப்பட்டவளாக இருப்பாள் என்று அவள் மனம் எங்கோ போய்விட்டது.

டிங்.

யாரோ கதவுக்கு வெளியே பூஜை மணியை எடுத்து வைத்தது போல இருந்தது. அவள் அசையவில்லை.

டிங். டிங்.

கந்தவேல் ஓரக்கண்ணால் ஒரு தடவை அவள் பக்கம் பார்த்ததை அவள் கவனித்தாள். அவள் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவர் மறுபடி சாலையைப் பார்த்தார். கால் பிரேக்குக்குப் போகவில்லை. அப்போதுதான் அவள் முன்னால் பார்த்தாள். நாமக்கல்லிலிருந்து வந்த முட்டை வண்டி ஒன்று, தட்டுத் தட்டாக அடுக்கிய முட்டைகளோடு, எந்த விளக்கும் போடாமல் சாலை நடுவில் வேகம் குறைந்துகொண்டிருந்தது.

"அப்பா!"

கத்திக்கொண்டே முன் பலகையை இரண்டு கையாலும் அறைந்தாள். கந்தவேல் மிதித்தார். பெல்ட் தோளை அறுத்தது. முட்டைத் தட்டுகளைக் கட்டியிருந்த கயிற்றின் முடிச்சு கண்ணாடிக்கு நேராகத் தெரிந்தது. பிறகு அது விலகிப் போனது. வண்டிக்காரருக்கு ஒன்றும் தெரியாது. தன் பாட்டுக்கு இடது பக்கம் திரும்பிப் போய்விட்டார்.

கந்தவேல் காரை ஓரம் கட்டினார். லாரிகள் அவர்களைக் கடந்து போகும்போதெல்லாம் கார் ஆடியது.

"அடிச்சுதா?" என்று கேட்டார்.

"மூணு தடவை அடிச்சுதுங்கப்பா."

நர்மதா அவர் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தாள். இந்த முறை பேச்சு வந்துவிட்டது.

"புதுச் சத்தம் உங்களுக்குக் கேக்காதுன்னு எனக்கு முன்னாடியே தெரியுங்கப்பா. பழசுன்னா கேட்டிருக்கும். சர்வீஸ்லயும் அதைத்தான் கேட்டேன்."

"தெரியும். நீங்க பேசுனதைக் கண்ணாடி வழியாப் பாத்துட்டுத்தான இருந்தேன்."

"இன்னைக்கே அண்ணங்கிட்டச் சொல்றேன். திட்டுனாலும் பரவாயில்ல. கம்பெனிக்கு மறுபடியும் எழுதறேன். எப்படியாச்சும் அந்தப் பழைய சத்தத்தையே திரும்ப வாங்கிடலாங்கப்பா. அது வர்ற வரைக்கும் நீங்க தனியா ஓட்டாதீங்க."

அவள் முடிக்கும் வரை கந்தவேல் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டி இன்ஜினை அணைத்தார்.

"எழுதாத சாமி."

"ஏனுங்கப்பா?"

"எனக்குக் காதுக்குள்ள எந்நேரமும் தறி ஓடிட்டே இருக்குது" என்றார் கந்தவேல். "பழைய சத்தமும் எனக்கு ஒரு நாளும் கேட்டதில்ல. அது அடிக்கறப்ப நீ திடுக்குனு தோளைத் தூக்குவ. அதைப் பாத்துத்தான் நான் பிரேக்கை மிதிப்பேன்."